அத்தியாயம் 9: இறக்கை ஒடிந்த கோழி

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு விடியற்காலை. மாடம்பாக்கத்தில் எங்கள் கொல்லைக் கேட்டின் அடியில் மண் கரைந்து ஒரு சாண் இடைவெளி விழுந்திருந்தது. அந்த வழியாகத்தான் நாய் புகுந்திருக்கிறது. கோழி கத்திய சத்தம் கேட்டு ஓடினேன். நாயைக் காணோம். முருங்கை மரத்தடியில் இறகுகள் சிதறிக் கிடந்தன. கோழியைத் தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடமானது. தண்ணீர் டிரம்முக்கும் மதிலுக்கும் நடுவே, அலகைச் சுவரில் அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றிருந்தது. இடது இறக்கை தொங்கிப்போய், அதன் நுனி ஈர மண்ணில் ஒரு கோடு இழுத்திருந்தது.

மதில்மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஆயா சொன்னார்: "இத வச்சிக்கினு என்னம்மா பண்ணப் போற? உசுரு போறதுக்குள்ள அறுத்துக் கொழம்பு வச்சிடு."

கோழி படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் அப்படிச் சொன்னார். இறக்கை போனால் கோழி போனது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் இறக்கை முறிந்த கோழிகளில் பெரும்பாலானவை அந்த முறிவால் சாவதில்லை. ரத்தம் போவது, அதிர்ச்சி, கடித்த வாயிலிருந்து ஏறும் கிருமி, ஈ வைக்கும் புழு, பதற்றத்தில் நாம் செய்யும் தவறான முதலுதவி ஆகியவைதான் கொல்கின்றன. இவை எல்லாமே நம்மால் தடுக்கக்கூடியவை. இந்த அத்தியாயம் முழுவதையும் ஒரே வரிசையில் அடக்கலாம்: முதலில் உயிர், அடுத்து புண், அதற்கும் பிறகு எலும்பு. ஒடிந்த எலும்பு ஒரு நாள் காத்திருக்கும். ரத்தம் காத்திருக்காது.

பிடிக்கும் விதம்

காயம்பட்ட கோழியைத் துரத்தாதீர்கள். ஓட ஓட முறிந்த எலும்பின் கூர்முனை உள்ளே சதையைக் கிழிக்கும். மூடிய எலும்பு முறிவு தோலைக் கிழித்து வெளியே வருவது பெரும்பாலும் இந்தத் துரத்தலில்தான். ஒரு பழைய துண்டையோ லுங்கியையோ விரித்துப் பிடித்து, மூலையில் ஒதுக்கி, மேலிருந்து மெல்லப் போர்த்துங்கள். தலையும் மூடப்பட்டால் கோழி உடனே அடங்கிவிடும். பிறகு இரண்டு இறக்கைகளும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி இரு கைகளாலும் அணைத்துத் தூக்கி, கால்களைக் கீழிருந்து தாங்குங்கள்.

சந்தையிலும் கறிக்கடையிலும் இரண்டு இறக்கைகளையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்துத் தூக்குவதைப் பார்த்திருப்போம். வளர்க்கும் கோழியை ஒருபோதும் அப்படித் தூக்க வேண்டாம். ஓடும் கோழியை ஒற்றை இறக்கையைப் பிடித்து இழுப்பது இன்னும் மோசம். வீட்டுக் கோழிகளின் இறக்கை மூட்டு விலகுவதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் இதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

1. ரத்தத்தை நிறுத்துங்கள். சுத்தமான துணியை மடித்து, ரத்தம் வரும் இடத்தில் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்தது மறுபடி பிய்ந்துவிடும். ஒன்றரைக் கிலோ கோழியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லிதான், அரை டம்ளர். அதனால் நமக்குச் சிறியதாகத் தெரியும் ரத்தப்போக்கும் கோழிக்குப் பெரியது.

2. புதிதாக வளரும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும். அந்தக் குருத்து முறிந்தால் சொட்டிக்கொண்டே இருக்கும். அதன் நுனியில் சோளமாவை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மஞ்சள்தூளும் இந்த இடத்துக்கு உதவும். ஆழமான புண்ணுக்குள் மட்டும் எந்தத் தூளையும் அடைக்காதீர்கள். அது கட்டியாகி உள்ளே அழுக்கைப் பூட்டி வைக்கும்.

3. அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, காற்றுத் துளை போட்டு, வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறையில் வையுங்கள். அதிர்ச்சியில் இருக்கும் கோழிக்கு இருட்டுதான் முதல் மருந்து. காயம்பட்ட பறவைக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பம் போதும். நம் பக்கத்தில் ஆண்டின் பெரும்பகுதி அறையே அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. மழை இரவிலும் மார்கழிப் பனியிலும் மட்டும் பெட்டியின் ஒரு மூலைக்கு வெளியே 40 வாட் குண்டு பல்பு எரியவிடுங்கள். கோழி வேண்டும்போது அருகே வரவும் வேண்டாதபோது விலகவும் இடம் இருக்க வேண்டும்.

4. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகலாம். கோழி நிமிர்ந்து நின்ற பிறகு, அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள். தானே விழுங்கும். முதல் நாளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் நல்லது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் கோழிக்குச் சரியாக இருக்கும்.

5. மற்ற கோழிகளிடமிருந்து உடனே பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் கூட்டத்துக் கோழிகள் கொத்தும். தாயும் குஞ்சும்கூட விதிவிலக்கல்ல.

தண்ணீர் படக் கூடாத புண்

அன்று காலை நான் செய்த முதல் காரியம், கோழியைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் சேற்றைக் கழுவியது. தோளருகே தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. அதன்மேல் தண்ணீர் விழுந்ததும் புண்ணுக்குள்ளிருந்து நுரை நுரையாகக் காற்றுக் குமிழ் வந்தது. கோழி வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறியது. உடனே நிறுத்திவிட்டேன். ஏன் அப்படி ஆனது என்பதைப் பிற்பாடு மருத்துவர் விளக்கினார்.

பறவையின் மேல்கை எலும்பு, அதாவது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் உள்ள எலும்பு, உள்ளே வெற்றிடமானது. அந்த வெற்றிடம் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பையோடு இணைந்திருக்கிறது. கோழி மூச்சுவிடும் காற்று அந்த எலும்புக்குள்ளும் போய் வருகிறது. எலும்பு உடைந்து திறந்திருந்தால், அதில் ஊற்றும் தண்ணீரும் மருந்தும் மூச்சுப்பாதைக்குள் இறங்கும். அதனால் விதி இது: தோளருகே திறந்த புண்ணா, எலும்பு தெரிகிறதா, எதையும் ஊற்றாதீர்கள். சலைனில் (உப்புக் கரைசலில்) நனைத்துப் பிழிந்த பஞ்சால் சுற்றிலும் ஒற்றி எடுங்கள். மேலே ஈரமான சுத்தத் துணி போட்டு மருத்துவரிடம் போங்கள்.

சில சமயம் தோலுக்கு அடியில் காற்றுப் புகுந்து, தொட்டால் நெறுநெறுவென்று உப்பியிருக்கும். காற்றுப்பை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். ஊசியால் குத்தக் கூடாது.

முழங்கைக்குக் கீழே உள்ள புண்ணைக் கழுவலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டில் சிறந்தது. இல்லாவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. அடுத்ததாகப் போவிடோன் அயோடினில் வெளிர் டீயின் நிறம் வரும்வரை தண்ணீர் சேர்த்து, அதில் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், டெட்டால், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் சதையையும் எரித்துவிடும்.

எலும்பா, மூட்டா, நோயா?

தொங்கும் இறக்கை எல்லாம் முறிவு அல்ல. அடிபட்ட அடையாளம் எதுவும் இல்லாமல் இறக்கை தொங்கினால், முதலில் நோயை நினையுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோயில் இறக்கை தொங்கும், கழுத்து திருகும், பச்சைக் கழிச்சல் இருக்கும். இரண்டிலிருந்து ஐந்து மாத வயதுக் கோழியில் ஒரு பக்க இறக்கையோ காலோ விழுந்துபோனால் மாரெக் நோயாக இருக்கலாம். இரண்டும் மற்ற கோழிகளுக்குப் பரவும். அப்போது கட்டுப்போடுவதைவிடத் தனிமைப்படுத்துவதுதான் அவசரம்.

அடிபட்ட கோழி என்றால் நல்ல இறக்கையையும் காயப்பட்ட இறக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். நடுவில் இயல்பில்லாத இடத்தில் மடிகிறதா? மெல்லத் தடவும்போது எலும்பு உரசும் உணர்வு விரலில் தெரிகிறதா? அப்படியானால் முறிவு. நடுவில் நேராக இருந்து தோளோ முழங்கையோ மட்டும் வீங்கி நகராமல் இருந்தால் மூட்டு விலகியிருக்கலாம். ஒரு முறைக்கு மேல் தடவிச் சோதிக்காதீர்கள்.

முன்கையில் இரண்டு எலும்புகள் இணையாக ஓடுகின்றன. ஒன்று மட்டும் உடைந்திருந்தால் மற்றொன்று பத்தை வைத்துக் கட்டியதுபோலத் தாங்கும். இதற்குத்தான் நம்பிக்கை அதிகம். மேல்கை முறிவு கடினம். மூட்டை ஒட்டிய முறிவில், எலும்பு சேர்ந்தாலும் மூட்டு விறைத்துப்போகும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் இறக்கைத் தோல் பச்சை நிறமாக மாறும்போது பலரும் அழுகிவிட்டது என்று பயப்படுகிறார்கள். நானும் அந்த இரவு தூங்கவில்லை. நம் உடம்பில் ரத்தக்கட்டு பச்சையாகி, பின்பு மஞ்சளாகிக் கரையும். கோழியின் உடம்பில் பச்சை நிறமியை மஞ்சளாக்கும் வேலை நடப்பதில்லை, அதனால் அது பச்சையாகவே நின்று சில நாளில் மறையும். கையால் தொட்டுப் பாருங்கள். பச்சையாக இருந்து வெதுவெதுப்பாக இருந்தால் ரத்தக்கட்டு. கறுத்து, குளிர்ந்து, காய்ந்து, நாற்றம் வந்தால் அதுதான் அழுகல். அதற்கு அன்றே மருத்துவர் வேண்டும்.

கடித்தது யார்?

இதைத் தெரிந்துகொள்வது சிகிச்சையின் பாதி. பூனை கடித்தால் வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி மட்டுமே தெரியும். ஆனால் பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி ஓரிரு நாளில் பறவையைக் கொல்லக்கூடியது. பூனை வாயிலிருந்து தப்பிய கோழி நன்றாகத் தீனி தின்றாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி நுண்ணுயிர்க்கொல்லி தொடங்க வேண்டும்.

நாய் கடித்தால் வெளிக்காயத்தைவிட உள்நசுக்கல் அதிகம். நாயின் எச்சில் இறகில் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையில் ஏற்கெனவே கீறல் இருந்து அதில் எச்சில் பட்டிருந்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

வண்டலூர், மாடம்பாக்கம், அகரம்தென் பக்கம் மரமும் புதரும் மிச்சமிருக்கும் தெருக்களில் கீரிப்பிள்ளையும் இரவில் மரநாயும் வரும். பகலில் வல்லூறு குஞ்சை அடிக்கும். அதன் நகம் முதுகில் இறங்கியிருக்கும். இறக்கையை மட்டும் பார்த்துவிட்டு முதுகைப் பார்க்காமல் விடாதீர்கள். இறகை ஊதி விலக்கிக் கழுத்து முதல் வால் வரை தேடுங்கள்.

எங்கே கொண்டுபோவது?

முதல் இடம் உங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகம். முன்கை முறிவு, புண், கடிக்கு அங்கேயே வைத்தியம் கிடைக்கும். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.

எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை என்று வந்தால் வேப்பேரி. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் போதனா மருத்துவமனை அங்கே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கிண்டி–வேளச்சேரிப் பக்கத்தில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது. எங்கே போவதானாலும் கிளம்புமுன் போன் செய்து, கோழி பார்ப்பார்களா, எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்ப்பு முறை, தடுப்பூசி, தீவனம் பற்றிப் பயிற்சி வேண்டுமானால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் வளாகம் நமக்குப் பக்கம். இது பொத்தேரி அருகே ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் உள்ள காட்டுப்பாக்கம். பூந்தமல்லிக்கு அருகே உள்ள காட்டுப்பாக்கத்துக்குப் போய் அலைய வேண்டாம்.

போகும்போது பெட்டியின் அடியில் மடித்த சாக்கு போடுங்கள். ஜி.எஸ்.டி. சாலைப் பள்ளங்களில் கோழி வழுக்கினால் அது இறக்கையை விரித்துத்தான் நிலைகொள்ளப் பார்க்கும். சாக்கில் நகம் பிடித்துக்கொள்ளும். மருத்துவரிடம் மூன்று விஷயம் கட்டாயம் சொல்லுங்கள்: எப்போது நடந்தது, எது கடித்தது, முட்டையிடும் கோழியா.

கட்டுப் போடுவது

மருத்துவரிடம் போக ஓர் இரவாவது ஆகும் என்றால் தற்காலிகக் கட்டுப் போடலாம். ஆளுக்கு ஒரு வேலையாக இரண்டு பேர் வேண்டும். தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜ் சிறந்தது. இல்லாவிட்டால் 5 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ். இறகில் ஒட்டும் பிளாஸ்திரி வேண்டாம். பிரிக்கும்போது இறகையும் தோலையும் பிய்த்துக்கொண்டு வரும்.

1. இறக்கையை, நல்ல இறக்கை எப்படி மடிந்திருக்கிறதோ அப்படி மடித்துப் பிடியுங்கள். எலும்பை இழுத்து நேராக்க முயலாதீர்கள்.

2. புண்மேல் ஒட்டாத பாராஃபின் காஸ் வையுங்கள்.

3. பேண்டேஜின் நுனியை இறக்கையின் முன்மடிப்பில் வைத்து, மடிந்த இறக்கையை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அடுத்த சுற்றைப் பின்னால் சாய்த்து முழங்கைக்கு மேலாக, அக்குள் வழியே உள்ளே விட்டு, மறுபடி முன்மடிப்புக்குக் கொண்டுவாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் 8 படுத்திருப்பதுபோல இருக்கும். இரண்டு மூன்று சுற்றுப் போதும். முன்கை முறிவுக்கு இதுவே முழுக் கட்டு.

4. மேல்கை முறிவு என்றால் அந்த இறக்கையை உடம்போடு சேர்த்து இன்னொரு சுற்று வேண்டும். மார்புக்கு அடியில் போய், நல்ல இறக்கையின் அடியில் நுழைந்து முதுகுக்கு வரட்டும். நல்ல இறக்கை வெளியே தாராளமாக அசைய வேண்டும். கால், ஆசனவாய் எதுவும் மூடப்படக் கூடாது.

5. கட்டுக்கு அடியில் ஒரு விரல் நுழைகிறதா பாருங்கள். கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு கீழே இறங்கி மேலே ஏறினால்தான் காற்று உள்ளே போகும். இறுக்கிக் கட்டினால் எலும்பு முறிவால் சாகாத கோழி மூச்சுமுட்டிச் செத்துவிடும். கட்டியபின் தரையில் விட்டுப் பத்து நிமிடம் கூடவே இருங்கள். வாயைப் பிளந்தால் உடனே தளர்த்துங்கள்.

முதலில் கோழி பக்கவாட்டில் சாயும், பின்னால் பின்னால் நடக்கும், கட்டைக் கொத்தும். அரை நாளில் பழகிவிடும்.

கொடுக்கவே கூடாதவை

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. டைக்ளோஃபெனாக் பறவைகளின் சிறுநீரகத்தை அழிக்கும். அந்த மருந்து கொடுத்த மாடுகளின் பிணத்தைத் தின்றுதான் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது 2006-ல் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இன்று அந்தக் கழுகுகள் முக்கியமாக மிஞ்சியிருக்கின்றன. ஒரு மருந்து இவ்வளவு செய்யும் என்றால் நம் கோழிக்கு என்ன செய்யும் என்று யோசியுங்கள். பறவைக்கு ஏற்ற வலி மருந்து மெலாக்சிகாம். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மரத்துப்போக வைக்கும் களிம்புகளும் ஆபத்தானவை.

மாட்டுப் புண்ணுக்குப் பூசும் டர்பன்டைன், வேப்பெண்ணெய் போன்றவற்றைக் கோழிக்குத் தாராளமாகத் தடவாதீர்கள். எண்ணெய் இறகில் ஏறினால் இறகு ஒட்டிக்கொண்டு உடல்வெப்பத்தைக் காக்க முடியாமல் போகும். புழு வைத்துவிட்டால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, சலைனால் ஒற்றி, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதற்குப் பிறகு மருத்துவர் சொல்லும் நாள் வரையிலும் முட்டையைத் தின்னாதீர்கள். மருந்து ஏறிய கோழியைக் குழம்பு வைப்பதும் கூடாது.

மூன்று வாரம்

பறவை எலும்பு நம் எலும்பைவிட வேகமாகச் சேரும். சுமார் மூன்று வாரத்தில் முறிவு பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் கட்டிலேயே வைத்திருந்தால் இறக்கையின் முன்புறத் தோல்மடிப்பு சுருங்கி, பிறகு விரியவே விரியாது. அதனால் வாரம் ஒரு முறை மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இடம்: இரண்டடிக்கு இரண்டடிக் கூண்டு போதும். ஏறுவதற்குக் கம்பு வேண்டாம், தரையிலேயே இருக்கட்டும். மரத்தூள் புண்ணில் ஒட்டும், அதனால் துணியோ செய்தித்தாளின் மேல் சாக்கோ விரியுங்கள். மற்ற கோழிகள் கண்ணில் படும்படி வையுங்கள். தனியாகவே வைத்த கோழி தீனியை வெறுக்கும். நாள் கழித்துக் கூட்டத்தில் விட்டால் அடிவாங்கும்.

எறும்பு: நம் வீடுகளில் ரத்தவாடைக்கு எறும்பு வந்துவிடும். கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். மேலே கொசுவலை போர்த்துங்கள். ஈயைத் தடுப்பதோடு, கொசு கொண்டுவரும் கோழியம்மையையும் தடுக்கும்.

வெயில்: இதைப் பலர் கவனிப்பதில்லை. கோழி வியர்க்காது. வெக்கை கூடினால் இரண்டு இறக்கைகளையும் உடம்பிலிருந்து தூக்கிப் பிடித்தும் சூட்டை இறக்கும். இறக்கை உடம்போடு கட்டப்பட்ட கோழியால் அது முடியாது. அக்னி நட்சத்திர நாட்களில் ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, மண்சட்டியில் தண்ணீர் வைத்து, மதியம் இரண்டு முறை மாற்றுங்கள். அஸ்பெஸ்டாஸ் கூரையடியில் வைக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் இதற்கு எதிரானது: கட்டு நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம்போல வெள்ளம் ஏறும் இடத்தில் இருப்பவர்கள் ஐப்பசி பிறந்ததுமே கூண்டை மேசைமேல் ஏற்றிவிடுங்கள்.

உணவு: முதல் இரண்டு நாள் ஊறவைத்த நொய், கம்பு, வேகவைத்து மசித்த முட்டை. பிறகு வழக்கமான தீவனத்தோடு முருங்கைக்கீரை. எலும்பு சேரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கிளிஞ்சல் தூளோ காயவைத்துப் பொடித்த முட்டை ஓடோ தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதைத் தானே எடுக்கும். காலை வெயில் அரை மணி படட்டும்.

தினமும் பார்க்க வேண்டியது: இரவில் தீவனப்பை நிரம்பியும் விடியலில் காலியாகவும் இருக்க வேண்டும். எச்சத்தின் கெட்டிப் பகுதி மறைந்து வெறும் பச்சைத் தண்ணீராக இருந்தால் கோழி தின்னவில்லை. சமையலறைத் தராசில் எடை போட்டு நாட்காட்டியில் எழுதுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கட்டை மோந்து பாருங்கள். நாற்றம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும்.

கட்டுப் பிரித்த பிறகு

இறக்கை சற்றுத் தாழ்ந்தே இருக்கும். விறைப்பாக இருக்கும். மருத்துவர் சொன்னால் மட்டும், தினம் இரண்டு முறை, இறக்கையின் முன்மடிப்பைப் பிடித்து மெல்ல விரித்து மெல்ல மடியுங்கள். கோழி தடுத்தால் அந்த இடத்தோடு நிறுத்துங்கள். இரண்டு வாரம் உயரமான கிளையில் ஏறவிடாதீர்கள். சிறுவிடை என்ற நாட்டுக் கோழி முருங்கை மரத்தில் ஏறித் தூங்கும் பழக்கம் கொண்டது. ஏறிவிடும், இறங்கும்போதுதான் விழும்.

சில இறக்கைகளைக் காப்பாற்ற முடியாது. எலும்பு நொறுங்கி, ரத்த ஓட்டம் நின்று, கறுத்துப்போனால் மருத்துவர் இறக்கையை எடுத்துவிடலாம். கேட்கவே கொடுமையாக இருக்கும். ஆனால் கோழியின் அன்றாட வாழ்க்கை காலில் இருக்கிறது. கீறுவதும் கிளறுவதும் மண் குளிப்பதும் முட்டையிடுவதும் ஒற்றை இறக்கையோடு நடக்கும். சேவல் மிதிக்கும்போது நிலைதடுமாறும் என்பதால் முரட்டுச் சேவலிடமிருந்து மட்டும் காக்க வேண்டும்.

அதையும் தாங்காத நிலை உண்டு. இரண்டு இறக்கையும் போய், வயிறு கிழிந்து, இரண்டு நாளாகத் தலை தூக்காமல் கிடந்தால், மருத்துவரிடம் ஊசி போட்டு அமைதியாக விட்டுவிடச் சொல்வதும் வளர்ப்பவரின் கடமை. அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம்.

மறுபடி நடக்காமல்

கோழிவலை நாயின் பல்லுக்குத் தாங்காது. அரை அங்குல வெல்டு மெஷ் போடுங்கள். அதை மண்ணுக்குள் ஓரடி இறக்கிப் புதையுங்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கேட்டின் அடியைக் குனிந்து பாருங்கள். பொழுது சாய்ந்ததும் கூண்டைத் தாழிடுங்கள். குஞ்சு விடும் இடத்துக்கு மேலே பழைய மீன்வலை கட்டினால் வல்லூறு இறங்காது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் அரசு நடத்தும் கோழிக்கழிச்சல் (ராணிக்கெட்) தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள்.

ஒரு பிஸ்கட் டப்பாவில் இவற்றை இன்றைக்கே போட்டு வையுங்கள்: சலைன் பாட்டில், போவிடோன் அயோடின், பாராஃபின் காஸ், தானே ஒட்டும் பேண்டேஜ், பஞ்சு, கையுறை, சிறிய டார்ச், கத்தரி, சோளமாவு, பக்கத்து மருந்தகத்தின் போன் எண் எழுதிய காகிதம். விபத்து நடந்த பிறகு மருந்துக்கடைக்கு ஓடும் அரை மணி நேரம் கோழியிடம் இல்லை.

எங்கள் கோழியின் இடது இறக்கை இன்றும் வலதைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்துதான் இருக்கிறது. அதனால் பறக்க முடியாது. முருங்கை மரத்தடியில் இரண்டு செங்கல்லை அடுக்கி அதன்மேல் ஒரு பலகை போட்டிருக்கிறேன். பொழுது சாயும்போது அதில் ஒரு தாவலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அடுத்த பங்குனியில் அது அடைக்கு உட்கார்ந்தபோது, இறக்கை இப்படியிருக்க முட்டைகளை எப்படி அணைக்கும் என்று கவலைப்பட்டேன். தாழ்ந்த அந்த இறக்கையைத் தரையோடு பரப்பி, ஒன்பது முட்டைகளையும் அதன் அடியில் ஒதுக்கிக்கொண்டது. ஏழு பொரித்தன. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஆயாதான் முதல் நாள் குஞ்சுகளுக்கு நொய் கொண்டுவந்து கொடுத்தார்.